சுத்தம் செய்யச் செய்யப் பெரிதாகும் கால்புண்: கிருமி இல்லையென்றால் வேறென்ன?

கேட்கப்பட்டது இது. திருகோணமலையில் இருக்கும் 58 வயதுத் தாயாருக்குப் பத்து வருடமாகச் சலரோகம். கணுக்காலுக்கு மேலே, முன்பக்கத்தில் சின்னச் சீழ்க்கொப்புளமாக வந்தது ஐந்து கிழமையில் உள்ளங்கையளவு புண்ணாகிவிட்டது. மூன்று வகை அன்டிபயோட்டிக் ஏற்றியாயிற்று. தியேட்டரில் இரண்டு தரம் அழுகல் சதையை வெட்டிச் சுத்தம் செய்தும், ஒவ்வொரு தரமும் ஒரு கிழமைக்குள் புண் இன்னும் அகன்றிருக்கிறது. கல்ச்சர் றிப்போட்டில் கிருமி வளரவில்லை. இப்போது மூன்றாம் தரமும் வெட்ட வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கீழே சொல்லும் அவசர அறிகுறிகள் இல்லையென்றால், அடுத்த வெட்டுக்கு முன்பு இரண்டு விடயங்களைக் கேட்டு வாங்குங்கள்: புண்ணின் விளிம்பிலிருந்து பயொப்சி (சோதிப்பதற்காகச் சதைத் துண்டு வெட்டி எடுப்பது), தோல் வைத்திய நிபுணரின் அபிப்பிராயம். வெட்டிய பிறகு பெரிதாகும் புண், கிருமி வளராத கல்ச்சர், மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் அசையாத நிலை ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால், பயோடெர்மா காங்க்ரினோசம் என்ற நோயை நினைக்காமல் இருக்கக் கூடாது. அதற்காக அதுதான் என்று இங்கிருந்தே முத்திரை குத்தவும் முடியாது. சலரோகக்காரரின் காலில் வரும் புண்களில் மிகப் பெரும்பாலானவை கிருமித் தொற்றும் இரத்த ஓட்டக் குறைவும் நரம்புப் பாதிப்புமே. இது அரிதான நோய்.

முதலில் அவசரம். புண்ணைச் சுற்றியுள்ள நிறமாற்றம் மணிக்கணக்கில் பரவுவது, தோல் கறுத்து நீர்க்கொப்புளம் போடுவது, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்றுப் போல் தெரிவது, பிரஷர் இறங்குவது, ஆள் குழம்பிப் பேசுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அது தசையுறையை அழிக்கும் தொற்றாக இருக்கலாம். அங்கே உடனே வெட்டுவதுதான் உயிரைக் காப்பாற்றும்; நான் மேலே சொன்னது எதுவும் அப்போது பொருந்தாது. 1990க்கு அழைத்து நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். நம் கரையோரத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஈரல் வருத்தமோ சலரோகமோ உள்ளவரின் காயத்தில் கடல் நீர் பட்டால் விப்ரியோ வகைக் கிருமிகள் ஒரு நாளுக்குள்ளேயே காலைக் கறுக்க வைக்கும். கடல் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று உப்புவெளியில் காலை நனைப்பதும், கன்னியா வெந்நீரை அள்ளிப் புண்ணில் ஊற்றுவதும் இந்தத் தாயாருக்கு வேண்டவே வேண்டாம்.

இனி நோய்க்கு வருவோம். 1930இல் அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தபோது அவர்களும் கிருமிதான் காரணம் என்றே எண்ணினார்கள். உண்மையில் நடப்பது வேறு. கிருமியைத் தின்ன வேண்டிய நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள், கிருமியே இல்லாத இடத்தில் கூட்டமாக இறங்கித் தோலைக் கரைக்கின்றன. சீழ் வருகிறது, அந்தச் சீழில் நோய்க்குக் காரணமான கிருமி கிடையாது. தோலில் ஒரு காயம் பட்டால் அதுவே வெள்ளணுக்களை அழைக்கும் சமிக்ஞையாகிறது. ஊசி குத்திய இடம், தையல் போட்ட இடம், வெட்டிய விளிம்பு என்று எங்கும் புதுப் புண் கிளம்பலாம். இதைப் பதர்ஜி என்பார்கள். நோயாளிகளில் கிட்டத்தட்ட நாலில் ஒருவரிடம்தான் இது தெளிவாகத் தெரியும். ஆகவே இல்லாததை வைத்து நோயை விலக்க முடியாது. ஆனால் இருந்தால் அது பெரிய துப்பு. கையில் மருந்து ஏற்றக் கானுலா போட்ட இடங்களை ஒருமுறை பாருங்கள். அங்கே சீழ்க்கொப்புளமோ ஊதா நிறத் தடிப்போ வந்திருந்தால் படம் எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள். வார்டில் யாரும் அதைக் கால்புண்ணோடு சேர்த்து நினைக்க மாட்டார்கள்.

புண்ணின் தோற்றத்தில் பார்க்க வேண்டியது நடுவை அல்ல, விளிம்பை. ஊதா கலந்த நிறத்தில் வீங்கி, உள்ளே குடைந்திருக்கும். மருந்து கட்டும் தாதி மழுங்கிய கம்பியை வைத்தால் விளிம்புக்கு அடியில் நுழையும். அதற்கு வெளியே ஒரு சிவப்பு வளையம். அடிப்பகுதி மஞ்சளாக, இரத்தமும் சீழும் கலந்து இருக்கும். வலியோ புண்ணின் அளவுக்குப் பொருந்தாது. போர்வை பட்டாலே கத்துவார்கள். சலரோகத்தால் நரம்பு மரத்துப்போன பாதத்தில் வரும் சாதாரணப் புண் பெரும்பாலும் வலிக்காது என்பதால், இந்தத் தாயார் வலியில் துடிக்கிறார் என்றால் அதுவே யோசிக்க வைக்கும் விடயம். முதல் கொப்புளம் தோன்றி நாலு நாளுக்குள் அது உடைந்து புண்ணானதா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். 2018இல் வெளியான கண்டறியும் அளவுகோலில் அது ஒரு அம்சம்.

இரத்தப் பரிசோதனை இந்த இடத்தில் கைகொடுக்காது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., வெள்ளணு எண்ணிக்கை எல்லாம் தொற்றிலும் ஏறும், இதிலும் ஏறும். "சி.ஆர்.பி. கூடியிருக்கிறது, ஆகவே இன்னும் பலமான அன்டிபயோட்டிக்" என்று போகும் வழியில்தான் பலருக்குக் கிழமைகள் வீணாகின்றன. காய்ச்சலும் இரண்டிலும் வரும். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வடிவம் இன்னும் ஏமாற்றும்: சிசேரியன் காயமோ மார்பகக் காயமோ சில நாளில் சிவந்து, தையல் விட்டு, காய்ச்சலோடு விரியும். எல்லோரும் காயத்தில் கிருமி என்றே நினைத்துத் திரும்பத் திறப்பார்கள். திறக்கத் திறக்க அது பரவும்.

மறுபக்கப் பொறியும் உண்டு, அது இதைவிட ஆபத்தானது. பயோடெர்மா என்று நினைத்து, அதற்குரிய மருந்தான, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொய்டைக் கொடுத்து, உள்ளே உண்மையான கிருமி இருந்துவிட்டால் நிலைமை கைமீறிப் போகும். நம் மாவட்டத்தில் முதலில் விலக்க வேண்டியது மெலியொய்டோசிஸ். சேற்றிலும் வயல் நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமலேய் என்ற கிருமி இதைத் தருகிறது. இலங்கையில் அது நிலைகொண்ட நோய். மழைக்காலத்தில் கூடும், சலரோகக்காரரைத் தேடிப் பிடிக்கும். கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் பெரும்போகத்தில் வயலில் இறங்கியவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கல்ச்சர் படிவத்திலும் "வயல் வேலை, சலரோகம், மெலியொய்டோசிஸ் பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். சாதாரணத் தட்டில் இந்தக் கிருமி மெதுவாக வளரும். வளர்ந்தாலும் "சூடோமோனாஸ் வகை, மேற்பரப்பு மாசு" என்று ஒதுக்கப்படுவது உண்டு. ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் மசியாமல், கோ-அமொக்சிகிளாவுக்கு மசியும் ஒரு கிருமி றிப்போட்டில் வந்திருந்தால், அதை அப்படியே விடாமல் நுண்ணுயிரியல் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது காசநோய்க் குடும்பம். மீன் செதில், வலை, இறால் முள் கீறிய கையில் கிழமைக்கணக்காக ஆறாமல் மேல்நோக்கிக் கட்டி கட்டியாகப் போகும் புண் என்றால் மைக்கோபக்டீரியம் மரினம் நினைவுக்கு வர வேண்டும். மணல் ஈ பரப்பும் லெஷ்மேனியாசிஸ் அயல் மாவட்டமான அநுராதபுரத்தில் இருக்கிறது. காட்டோரக் கிராமங்களிலும் முகாம்களிலும் இருந்தவர்களுக்கு வரும். அந்தப் புண் பொதுவாக வலிக்காது, அதனால் பிரிப்பது சுலபம். நாள வீக்கத்தால் வரும் புண், நாடி அடைப்புப் புண், இரத்தக்குழாய் அழற்சி, தோல் புற்றுநோய் எல்லாமே பயோடெர்மா போல வேஷம் போட்டவைதான். மருந்துப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்: நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிக்கொரண்டில், இரத்த நோய்களுக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சியூரியா இரண்டுமே ஆறாத புண்ணை உண்டாக்கக் கூடியவை.

பயொப்சி எடுக்கும் முறையில்தான் நிறையப் பேருக்குப் பிசகுகிறது. புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் அழுகிய சதையைத் தவிர ஒன்றும் தெரியாது. விளிம்பையும், அதற்கு வெளியே சிவந்த தோலையும், அடியில் கொழுப்பு வரை சேர்த்து நீள்வட்டமாக எடுக்க வேண்டும். வட்டக் கத்தியால் குத்தி எடுக்கும் சின்னப் பஞ்ச் துண்டு பெரும்பாலும் போதாது. எடுத்த துண்டை இரண்டாக்க வேண்டும். ஒரு பாதி ஃபோர்மலினில், திசுப் பரிசோதனைக்கு. மறுபாதி கிருமி நீக்கிய சேலைனில், கல்ச்சருக்கு: சாதாரண பக்டீரியா, பூஞ்சை, காசநோய்க் குடும்பம் என்று மூன்றுக்கும். முழுத் துண்டும் ஃபோர்மலினுக்குள் போய்விட்டால் கிருமிகள் செத்துவிடும், கல்ச்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை, மறுபடி வெட்ட வேண்டிவரும். ஆகவே தியேட்டருக்குப் போகுமுன் "சேலைன் போத்தலும் வைத்திருக்கிறீர்களா மிஸ்?" என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை. பஞ்சு தடவி எடுக்கும் சுவாப் இதற்கு ஈடாகாது. மேலே குடியேறிய கிருமிகளைத்தான் அது காட்டும். இன்னொன்று: அன்டிபயோட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த கல்ச்சரில் வளர்ச்சி இல்லை என்பதற்கு அதிக மதிப்பில்லை. ஆள் நிலையாக இருந்தால் மருந்தைச் சில நாள் நிறுத்திவிட்டு எடுக்கலாமா என்று வார்ட் டொக்டரிடம் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயொப்சியே புண்ணைப் பெரிதாக்காதா என்று கேட்பீர்கள். ஆக்கலாம், கொஞ்சம். ஆனால் அது இல்லாமல் ஸ்டீரொய்ட் தொடங்குவதன் ஆபத்து அதைவிடப் பெரிது. பயோடெர்மாவுக்கென்று தனி அடையாளம் நுண்ணோக்கியில் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விளிம்பில் நியூட்ரோபில் கூட்டம் தெரியும், வேறு நோய்கள் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். பிரிட்டனில் இந்த நோய்க்காகவே நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், நிபுணர்கள் சேர்த்த 121 பேரில் 9 பேருக்குப் பிறகு நோயின் பெயரே மாறிவிட்டது.

கூடவே உடம்புக்குள் தேட வேண்டும். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வேறொரு நோய் பின்னால் இருக்கும்: குடல் அழற்சி, மூட்டுவாதம், இரத்த நோய். மாதக்கணக்காகச் சளியும் இரத்தமும் கலந்த வயிற்றோட்டம் இருந்ததா, காலையில் விரல் மடக்க முடியாத விறைப்பு உண்டா, நிறை குறைகிறதா என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். வெட்கத்தில் வயிற்றுப்போக்கைச் சொல்லாமல் விடும் தாய்மார் அதிகம். பரிசோதனைகளில் முழு இரத்த எண்ணிக்கை, பிளட் பிக்சர், ஈரல், சிறுநீரகம், புரத எலக்ரோபொரசிஸ், முடக்குவாதக் காரணி, உடம்பு தன்னையே தாக்கும் நோய்களைத் தேடும் ஏ.என்.ஏ., ஆன்கா, மார்பு எக்ஸ்ரே, காலின் நாடி நாளங்களில் இரத்த ஓட்டம் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன், ஹெபடைடிஸ் பி, காசநோய்ச் சோதனை ஆகியவை வரும்.

புண்ணுக்கு வீட்டில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாததுதான் நிறைய. நோர்மல் சேலைனை மெதுவாக ஊற்றிக் கழுவி, ஒட்டாத பரபின் துணி வைத்து, மேலே தளர்வாகக் கட்டினால் போதும். காய்ந்து ஒட்டிய கோஸை இழுத்துப் பிய்ப்பதும் ஒரு காயம்தான். சேலைனில் ஊறவைத்து எடுங்கள். ஹைட்ரஜன் பெரொக்சைட், டெட்டோல், மஞ்சள், பச்சிலைப் பத்து எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டும் பண்டேஜ் டொப்ளர் பார்த்து நாடி நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள், திகதி தெரியட்டும். வெட்டுவதற்கு முந்திய படமும் ஒரு கிழமை கழித்த படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி நிபுணருக்குத் தேவையில்லை.

நோய் உறுதியானால் முதல் மருந்து பெரும்பாலும் பிரெட்னிசலோன், கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை. 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மி.கி.; அதாவது 5 மி.கி. குளிசையில் ஆறு முதல் பன்னிரண்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பாதியாகக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நோயும் அடங்காது, பக்கவிளைவும் மிஞ்சும். சலரோகம் இருப்பதால் சீனி கட்டாயம் ஏறும். காலை வெறுவயிற்றுச் சீனி சாதாரணமாக இருக்கும், மத்தியானத்துக்கும் மாலைக்கும்தான் உச்சிக்குப் போகும்; ஆகவே காலையில் மட்டும் குத்திப் பார்த்து நல்லது என்று நம்பாதீர்கள். சிலருக்கு இன்சுலின் தொடங்க வேண்டிவரும். மண்ணில் வெறுங்காலோடு புழங்கியவர்களுக்கு ஸ்ட்ரொஞ்சிலொய்டிஸ் புழு இருந்தால் ஸ்டீரொய்டில் அது உடம்பெங்கும் பெருகும். முன்கூட்டியே அதற்கு மருந்து கொடுப்பதைப் பற்றிக் கேளுங்கள். சில கிழமை குடித்த பிறகு திடீரென்று நிறுத்தவே கூடாது. மயங்கி விழ வைக்கும்.

ஸ்டீரொய்ட் ஒத்துவராதவருக்கு சைக்ளோஸ்போரின் உண்டு, கிலோவுக்கு 4 மி.கி. அளவில். அதற்குப் பிரஷரும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2015 ஆய்வு இந்த இரண்டையும்தான் ஒப்பிட்டது. ஒன்று மற்றதைவிட மேல் இல்லை, ஆறு மாதத்தில் இரண்டிலும் 47 சதவீதம் பேருக்கே புண் ஆறியது. எனவே எதிர்பார்ப்பைச் சரியாக வையுங்கள். முதலில் வலி குறையும், அதுவும் சில நாளிலேயே. பிறகு ஊதா விளிம்பு தட்டையாகும், பரவுவது நிற்கும். தோல் மூடுவதற்கு மாதங்கள் ஆகும். ஆறிய இடத்தில் சல்லடைத் துளை போன்ற தழும்பு மிஞ்சும். சரியான அளவு மருந்தில் இரண்டு கிழமை போயும் வலியும் குறையாமல் விளிம்பும் நகர்ந்துகொண்டிருந்தால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோயின் பெயரையே மறுபடி சந்தேகிக்க வேண்டும். சின்னப் புண்ணாக இருந்தால் விளிம்பில் குளோபெற்றசோல் அல்லது ரக்ரோலிமஸ் பூசுவதோடு முடிந்துவிடவும் கூடும். அடங்காதவர்களுக்கு இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் ஊசிகள் உள்ளன. அவற்றுக்கு முன் காசநோய் விலக்கப்பட்டே ஆக வேண்டும்.

கிருமி என்று நினைத்துவிடும் இதே தவறு நடக்கும் மற்ற நோய்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீட் நோய்: 1964இல் ரொபர்ட் டக்ளஸ் ஸ்வீட் என்ற ஆங்கில மருத்துவர் எட்டுப் பெண்களில் கண்டு எழுதியது. தொண்டைத் தொற்று வந்து ஒன்று முதல் மூன்று கிழமையில் கடும் காய்ச்சல், முகம் கழுத்து கைகளில் தொட்டால் வலிக்கும் செந்தடிப்புகள். பார்க்க நீர்க்கொப்புளம் போலிருக்கும், குத்தினால் நீர் வராது. அன்டிபயோட்டிக்கில் ஒரு மாற்றமும் இராது. ஸ்டீரொய்டில் இரண்டொரு நாளில் காய்ச்சல் விழும். இரத்தச் சோகையோ பிளேட்லெட் குறைவோ சேர்ந்திருந்தால் எலும்பு மச்சையைப் பார்க்காமல் விடக் கூடாது, இரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இது வருவதுண்டு. கோ-ட்ரைமொக்சசோல் போன்ற மருந்தும் இதைக் கிளப்பும்.

அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, ஒவ்வொரு முறையும் கீறிச் சீழ் எடுத்து, அடுத்த மாதம் பக்கத்திலேயே வேறொன்று வருகிறதா? அது ஹைட்ரடினைடிஸ். அவ்வளவு அரிதும் இல்லை. வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைப்பதால்தான் அரிதாகத் தெரிகிறது. இரட்டைத் தலைக் கரும்புள்ளிகளும் தோலுக்கடியில் சுரங்கங்களும் அதன் அடையாளம். கீறுவது அன்றைய வலிக்கு மட்டும். கிளிண்டமைசினும் ரிஃபாம்பிசினும் 300 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை பத்துக் கிழமை கொடுக்கும் முறை உண்டு. ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து என்பதால், காசநோய் இல்லை என்று பார்த்த பிறகுதான். புகைத்தலை விடாமல் எதுவும் நிலைக்காது.

காய்ச்சலோடு முகத்திலும் கைகாலிலும் வலிக்கும் சிவப்பு முடிச்சுகள், கூடவே எங்காவது உணர்ச்சியற்ற தேமல், முழங்கையில் நரம்பு வலி என்றால் தொழுநோயின் எதிர்வினையாக இருக்கலாம். அந்த நோய் கிழக்கில் இன்னும் இருக்கிறது, சிகிச்சை முடிந்த பிறகும் எதிர்வினை வரும். வெல்ஸ் நோய் எரிசிவப்பாகப் பரவும், ஆனால் வலியைவிட அரிப்பு அதிகம், இரத்தத்தில் ஈசினோபில் கூடும். உடம்பெங்கும் திடீரென்று சீழ்ப்புள்ளிகள் காய்ச்சலோடு வந்தால், அண்மையில் புது மருந்து ஏதும் குடித்தாரா, சொரியாசிஸ்காரர் ஸ்டீரொய்டைத் திடீரென்று நிறுத்தினாரா என்று கேட்க வேண்டும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் சிவந்து வீங்கியிருந்தால் அது கிருமித் தொற்றாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் நாளக் கோளாறு.

நடைமுறைக்கு: மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் இருப்பவர்கள் அங்கேயே தோல் வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம். போகும்போது பழைய கல்ச்சர் றிப்போட்டுகள், கொடுத்த அன்டிபயோட்டிக்குகளின் பெயரும் திகதியும், வெட்டிய திகதிகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை நிபுணரோடு மல்லுக்கட்ட வேண்டாம். "இரண்டு தரமும் வெட்டிய பிறகு பெருத்தது சேர், பயோடெர்மாவாக இருக்குமா, விளிம்பில் பயொப்சி எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிப்பார்கள்.

நோய் உறுதியானால் அதன் பெயரும் "வெட்டினால் பரவும்" என்ற குறிப்பும் டயக்னோசிஸ் காட்டிலும் கிளினிக் கொப்பியிலும் எழுதப்பட வேண்டும். நாளை பித்தப்பைக்கோ முழங்காலுக்கோ சத்திரசிகிச்சை வந்தால் புண் அடங்கிய பிறகு, ஸ்டீரொய்ட் பாதுகாப்போடு, தோலுக்கு உள்ளாகத் தையல் போட்டுச் செய்வார்கள். தோல் ஒட்டுவதும் அப்படித்தான்: நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது தொடையிலிருந்து தோல் எடுத்தால், எடுத்த இடத்திலும் ஒரு புண் கிளம்பும்.